மூன்றாவது கட்டம்

கொழும்பிலிருந்து பதிவுத்தபாலில் வந்த படிவத்தில்
மூன்று கட்டங்கள்.
ஒன்று, பணம் கட்டித் தொடர்ந்து உறையவைக்க.
இரண்டு, அப்புறப்படுத்த.
மூன்று, ஆராய்ச்சிக்கு.
ஏதாவதொன்றில் சரி போட்டு
கணவன் மனைவி இருவரும் ஒப்பமிடவும். முப்பது நாள் தவணை.

ஐந்து பேர்.
பேர் என்று எழுதிவிட்டு வெட்டினேன்.
ஐந்து. அவ்வளவுதான்.
ஏழு வருஷமாய் உறைகுளிரில்
ஐந்து நாள் வயதோடேயே நிற்கிறவை.
அவற்றோடு ஒரே தட்டிலிருந்த ஆறாவது
இப்போது முதலாம் வகுப்பு, உவர்மலையில்.
பென்சில் நுனியைக் கடிக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் என் வேலை
அசையாத கால்களை அசைத்துக் கொடுப்பது.
செவ்வாய்க்கிழமைகளில் ஜவ்பர் வருவார்,
கிண்ணியாவிலிருந்து, மச்சானின் ஓட்டோவில்.
கடலட்டை குளிக்கப் போனவர்.
இருபது பாகத்திலிருந்து அவசரமாய் மேலே வந்தவர்.
"இரத்தத்துக்குள்ள சோடாப் போத்தல் துறந்த மாதிரி"
என்று சொல்லி அவரே சிரிப்பார்.
அன்றிலிருந்து தொப்புளுக்குக் கீழே
அவருக்குக் கடல்தான்.

குண்டூசி எடுப்பேன்.
கண்ணை மூடுங்கோ. தெரியுதா?
"தெரியுது" என்பார்.
நான் இன்னும் குத்தியிருக்க மாட்டேன்.

போன கிழமை போனை நீட்டினார்.
எந்த நாடென்று தெளிவில்லாத கிளினிக்.
சக்கர நாற்காலியை விட்டெழும்பி
வெள்ளைக்காரர் ஒருவர் நடக்கிற வீடியோ.
முள்ளந்தண்டில் மூன்று ஊசி, நாற்பத்தைந்து இலட்சம்.
"போட்டையும் எஞ்சினையும் வித்தா பாதி வரும் மிஸ்."
வேண்டாம் என்றேன்.
அது மருந்தில்லை, உங்கட ஆசைக்குப் போட்ட விலை.
"அப்ப உண்மையான மருந்து?"
எலிகள் நடந்திருக்கின்றன.
மனிதர் சிலருக்கும் ஏற்றியிருக்கிறார்கள்,
ஆபத்தில்லையா என்று பார்க்கிற அளவில்.
பத்து வருஷம். இருபது. தெரியாது.
எல்லாம் சொன்னேன்.
எதிலிருந்து எடுக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை.
படிவம் என் பையில் இருந்தது.

குருத்தணு என்று தமிழில் எழுதுகிறார்கள்.
நல்ல சொல். பயங்கரமான சொல்.
ஓலையும் பாளையும் நுங்கும் குருத்துக்குள்ளிருந்துதான்.
குருத்தை வெட்டினால் பனை பட்டுவிடும்.

தோலின் அணுவையே பின்னோக்கி நடத்திக்
குருத்தாக்கலாமாம் இப்போது.
அப்படியென்றால் எங்கள் ஐந்தும் எதற்கு?
ஒப்பிட்டுப் பார்க்க, என்கிறது குறிப்புத்தாள்.

ஜவ்பரின் மனைவி பரீனாவிடம்
வேறெதையோ கேட்பதுபோலக் கேட்டேன்.
"நூற்றியிருபது நாளிலதான் ரூஹ் ஊதுப்படும்."
வார்டுக்கு ஜெபிக்க வரும் சிஸ்டர் கனிசியா
கேள்வி முடியுமுன்னே சொன்னார்:
முதல் நொடியிலிருந்தே பிள்ளை.
எங்கள் ஐயரிடம் கேட்கத்தான்
எனக்கு வாய் வரவில்லை.
கன்னியாவில் ஏழு கிணறு.
ஐந்து நாள் வயதுக்கு அந்தியேட்டி உண்டா?
எலும்பில்லை, சாம்பலில்லை.
நட்சத்திரம் கேட்டால் எந்த நேரத்தைச் சொல்வது,
சேர்த்த நேரமா, உறைந்த நேரமா?

கோட்டை வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது
மானொன்று வந்து கடித உறையை முகர்ந்தது.
அதற்கு எல்லாக் கடதாசியும் சோற்றுப் பொதிதான்.
ஒரு கணம், கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன்.

"நீ போடுறதிலயே நானும் போடுறன்" என்றார் குகநேசன்,
மகளின் கொப்பிக்கு உறை போட்டபடி.
அன்பாய்த்தான் சொன்னார்.
தனியே விட்டும்தான் சொன்னார்.

அவர்கள் உறங்கியபின்
படிவத்தின் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன்:
இதை விற்கக் கூடாது.
பலித்தால் முதலில் போட்டை விற்காதவனுக்கு,
கிண்ணியாவுக்கும் எட்டுகிற விலையில்.
பலிக்காவிட்டால் அதையும் யாராவது
ஒளிக்காமல் எழுதவேண்டும்.
இடம் முடிந்துவிட்டது.
நிபந்தனைக்கு இடம் விடாத படிவம்.

மூன்றாவது கட்டத்துக்கு நேரே
பேனா முனையைப் பிடித்தேன்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
தெரியுது,
என்று சொல்லிப் பார்த்தேன்.
பேனா இன்னும் தாளைத் தொடவில்லை.